கெரிம்குல் எழுதிய கடைசிக் காட்சி

பிணமாகப் படுக்க ஊரில் ஒரு ஆளும் கிடைக்கவில்லை.

மற்ற எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. அழுவதற்கு இருந்தது, குதிரையில் வருவதற்கு இருந்தது, ஆடு உரிப்பதற்குத் தேவைக்கு மேலேயே இருந்தது. சினிமாவில் முகம் தெரியும் என்றால் தலாஸ் பள்ளத்தாக்கில் எவன்தான் வேண்டாம் என்பான்? ஆனால் கூடாரத்துக்குள் திரைக்குப் பின்னால் வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு கொஞ்ச நேரம் படுக்க வேண்டும் என்றதும், குடித்துக்கொண்டிருந்த தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்துபோனார்கள்.

"சும்மா படுக்கறதுதானப்பா. மூஞ்சிகூடத் தெரியாது" என்று பக்கத்து வீட்டு சாபிரிடம் கெஞ்சிப் பார்த்தார் கெரிம்குல்.

"நீ சும்மான்னு சொல்ற. மேல இருக்கறவன் சும்மான்னு நெனைக்கணுமே" என்றான் சாபிர். "எனக்கு இன்னும் பீன்ஸ் அடிக்கிற வேலை கெடக்கு. அது முடியட்டும், அப்புறம் பாக்கலாம்."

கடைசியில் கதையை எழுதின கெரிம்குலே படுப்பது என்று ஆயிற்று. ஐம்பத்தெட்டு வயது, தனிக்கட்டை மாதிரி வாழ்க்கை. அவர் படுத்தால் திட்டுவதற்கும் வீட்டில் ஆள் கிடையாது. மனைவி சல்தனாத் மாஸ்கோ போய் ஏழு வருஷம் ஆகிறது. பகலில் ஒரு பள்ளிக்கூடத்தில் தரை துடைக்கிறாள், சாயங்காலம் மகளின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். 'அடுத்த வருஷம் வர்றேன்' என்பது அவர்கள் வீட்டுப் போனில் 'நல்லா இருக்கியா' மாதிரி ஆகிவிட்டது.

கெரிம்குல் நாலு ஏக்கரில் பீன்ஸ் போடுகிறார். ஒரு பசு, பதினோரு ஆடு. அடுப்பு மூட்டுவது, பால் கறப்பது, ரொட்டி சுடுவது எல்லாம் அவரேதான். பொழுது சாய்ந்தால் படம். விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்த்த படங்களை எல்லாம் நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார். யார் நடித்தது என்று எழுதமாட்டார். கதையை எப்படிக் கட்டினான், எங்கே கோட்டை விட்டான் என்றுதான் எழுதுவார்.

பத்து வயதில் ஊர் மன்றத்தில் ஒரு படம் போட்டார்கள். ஒருவன் முதுகில் ஒரு கதவைச் சுமந்துகொண்டு புல்வெளியில் மூன்று நாள் நடக்கிறான், அவ்வளவுதான் கதை. எங்கே கொண்டுபோகிறான் என்று கடைசி வரைக்கும் சொல்லவில்லை. பாதிக் கூட்டம் தூங்கிவிட்டது, மீதிக் கூட்டம் ஏசிக்கொண்டே வீட்டுக்குப் போனது. கெரிம்குல் மட்டும் நாற்பத்தெட்டு வருஷமாக அந்தக் கதவுக்கு வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்.

வியாழக்கிழமைகளில் தலைநகர் பிஷ்கேக் வானொலியில் சினிமா நிகழ்ச்சி. அதை நடத்திய பெகிமாய் என்ற பெண்ணுக்கு முப்பது வயதுதான் இருக்கும். மற்ற நேயர்கள் பாட்டு கேட்பார்கள், நடிகனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்பார்கள். "தலாஸ்லேருந்து கெரிம்குல் பேசுறேன்" என்று இவர் ஆரம்பித்தால் நிகழ்ச்சியில் மிச்ச நேரம் இவருக்குத்தான்.

"படத்துல இருக்கறவன் முதல்ல அழுதுட்டான்னா பாக்கிறவன் அழமாட்டாம்மா. அவன் வேலையை இவன் செஞ்சு முடிச்சிட்டானே! அப்புறம் அவன் எதுக்கு?"

"சரி மாமா, அப்ப எப்ப அழலாம்?"

"அழவே வேணாம். குதிரைக்குச் சேணம் கட்டட்டும். வாரை ஒரு துளை தப்பா மாட்டட்டும். போதும்."

அந்த பெகிமாய்தான் பின்னால் கொஞ்சம் பணம் சேர்த்துக்கொண்டு படம் எடுக்கிறேன் என்று கிளம்பினாள். கெரிம்குல் தபாலில் அனுப்பிய கதையையே எடுக்கிறேன் என்றாள். போனை வைத்த பிறகு சந்தோஷத்தில் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. தொழுவத்துக்குப் போய்ப் பசுவிடம் சொன்னார்.

கதை ஒன்றும் புதிது இல்லை, அவர் பட்டதுதான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் பிஷ்கேக்கில் ஒரு படவிழா நடந்தது. மலைக் கணவாயைத் தாண்டிப் பேருந்தில் ஏழு மணி நேரம். அம்மாவே ரொட்டி கட்டிக்கொடுத்து அனுப்பினாள். இரண்டாம் நாள் அம்மாவுக்குத் தலையில் ரத்தக்குழாய் வெடித்தது. கெரிம்குல் ஒரு படம் விட்டு ஒரு படம் உட்கார்ந்திருந்தார். போன் அணைந்தே கிடந்தது. கடைக்குட்டி மகனான இவர் வரட்டும் என்று இரண்டு நாள் வைத்திருந்தார்கள், அதற்கு மேல் முல்லா ஒத்துக்கொள்ளவில்லை. அவர் வந்து சேர்ந்தபோது மண் தள்ளி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

முறைப்படி வாசலிலிருந்தே ஓலமிட்டுக்கொண்டு வந்தார். கூடாரத்தின் முன்னால் அவருடைய அண்ணன் ஓமுர்பெக் இடுப்பில் கச்சை கட்டி, கோலை ஊன்றி, துக்கத்துக்கு நிற்கிற நிலையில் நின்றுகொண்டிருந்தார். அவரும் பதிலுக்கு ஓலமிட்டுத் தம்பியைத் தோளோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். எதிரியாக இருந்தாலும் அந்த இடத்தில் அப்படித்தான். ஓமுர்பெக் அழவில்லை. தம்பியின் முகத்தைப் பார்த்து, நிதானமாக, ஊரே கேட்க, "படம் முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

துக்க வீட்டில் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். அதுதான் கெரிம்குலுக்கு ஆறவேயில்லை. அதற்கப்புறம் கடையில், கால்வாய்க் கரையில், பொடியன்கள் வாயில்கூட அதே கேள்வி. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அன்றைக்கு நின்ற பேச்சு நின்றதுதான். அண்ணன் வீடு மேலத்தெரு முனையில், தம்பி வீடு கீழத்தெரு முனையில். இருவர் நிலத்துக்கும் நடுவில் ஒரு கால்வாய்தான். ஆனால் அண்ணன் தண்ணீர் பாய்ச்சுகிற நாளில் தம்பி போவதில்லை. கீழத்தெரு வழியாக அண்ணன் பதினோரு வருஷமாக நடந்ததே இல்லை.

இத்தனையையும் எழுதின கெரிம்குல், கடைசிக் காட்சியில் மட்டும் அம்மாவை எடுப்பதற்கு முன்னாலேயே தம்பி வந்துவிடுவதாகவும், அண்ணன் அவனைக் கட்டிப்பிடித்து அழுவதாகவும் எழுதி வைத்திருந்தார்.

"மாமா, கதை மொத்தமும் நம்புறேன். இந்த ஒரு பக்கத்தை மட்டும் நம்ப முடியல" என்றாள் பெகிமாய். "இந்த அண்ணன் கட்டிப்பிடிக்கிற ஆளா?"

"இல்லதான்."

"பின்ன?"

"ஊருல நடக்காததுக்குத்தானம்மா சினிமா."

"வானொலியில வேற மாதிரில்ல பேசுவீங்க."

"அது அடுத்தவன் படத்தைப் பத்திப் பேசுறது" என்றார் கெரிம்குல். அவள் சிரித்தாள், அவர் சிரிக்கவில்லை. சரி, எடுத்துப் பார்ப்போம், சரியில்லை என்றால் வெட்டிவிடலாம் என்று முடிவாயிற்று.

செப்டம்பர் கடைசி. பீன்ஸ் செடியைப் பிடுங்கி வயலிலேயே குவியல் குவியலாகக் காயவிட்டிருந்த நேரம். அதில் ஒரு மழை விழுந்தால் விதை கறுத்துப்போகும், ஒரு வருஷப் பாடு மண். வெள்ளிக்கிழமை மழை என்று வானிலையில் சொன்னதால் பெகிமாய் சனிக்கிழமைக்கு வைத்திருந்த படப்பிடிப்பை வியாழனுக்கே கொண்டுவந்துவிட்டாள். அக்கம்பக்கத்து நாலு வீட்டைத் தவிர, நாள் மாறியதை ஊருக்குச் சொல்ல நேரமில்லை. மேலத்தெருவில் படம் எடுப்பதையே ஒருவரும் சொல்லவில்லை. ஓமுர்பெக் வீட்டில் கெரிம்குல் பேரை எடுத்தால் தேநீர்கூடக் கிடைக்காது என்பது எல்லாருக்கும் தெரியும்.

காலை ஒன்பது மணிக்கு முற்றத்தில் வெள்ளைக் கம்பளிக் கூடாரம் எழுந்துவிட்டது. எங்கள் ஊரில் கல்யாணத்துக்கும் கூடாரம் போடுவார்கள். ஆனால் கூடாரத்துக்கு வெளியே ஆண்கள் கச்சை கட்டிக் கோலூன்றி நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். போதாததற்குப் பெண்கள் கொல்லையில் எண்ணெய்ச் சட்டி வைத்து போர்சோக் என்கிற மாவுத் துண்டுகளைப் பொரிக்க ஆரம்பித்தார்கள். செத்தவர்களுக்கு அந்த மணம்தான் போய்ச் சேருமாம். அந்த மணம் செத்தவர்களுக்கு முன்னால் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது.

முதலில் மாட்டியவன் பீன்ஸ் மூட்டை ஏற்றும் லாரிக்காரன். தெருமுனையிலேயே வண்டியை நிறுத்தி, கதவைக்கூடச் சாத்தாமல், "ஐயோ என் அண்ணே! என் மலையே!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்து, நடிப்பதற்கு நின்ற ஆளைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். விஷயம் தெரிந்ததும் முகம் பீட்ரூட் மாதிரி ஆகிவிட்டது.

"யாரு என்னன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வரக்கூடாதாய்யா?" என்றாள் பொரித்துக்கொண்டிருந்த ஒருத்தி.

"கேட்டுட்டு அழறதுக்கு நான் என்ன கணக்கெடுப்புக்கா வந்தேன்?" என்று கத்தினான் அவன். அவன் சொன்னதும் நியாயம்தான். முதலில் அழுகை, அப்புறம்தான் கேள்வி. யார் செத்தது என்று வாசலில் நின்று விசாரிப்பவனை மனுஷனாகவே சேர்க்கமாட்டார்கள். அதுவும் அந்த வீட்டில் இருப்பது ஒரே ஆள். கேட்பதற்கு என்ன இருக்கிறது?

அவன் லாரியிலிருந்து இறங்குவதற்கு முன்னாலேயே யாருக்கோ போனில் சொல்லியிருக்கிறான். கால் மணி நேரத்தில் மாஸ்கோவிலிருந்து அழைப்பு வந்துவிட்டது.

"நீ உசுரோடவா இருக்க?" என்றாள் சல்தனாத்.

"இருக்கேன்."

"சத்தியமா?"

"செத்தவன் போன எடுப்பானா?"

"நீ எடுப்ப. எந்தப் படத்துலயாவது பாத்துவெச்சிருப்ப." அதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "கோட்டு மாட்டிட்டு வாசல் வரைக்கும் வந்துட்டேன், பாவி மனுஷா. நாளைக்கு விமானம் இருக்கான்னு கேட்டுட்டேன்."

"இல்ல, இல்ல. படம் எடுக்கறாங்க. நான் நல்லா இருக்கேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, "பசுவுக்குத் தண்ணி காட்டினியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

போனை எடுக்காமல் விட்டிருந்தால் நாளைக்கு அவள் இந்த முற்றத்தில் நின்றிருப்பாள் என்று கெரிம்குலுக்கு ஒரு நினைப்பு ஓடியது. சீ, என்ன புத்தி இது என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஆனால் நினைப்பு ஓடியது ஓடியதுதான்.

இனி யாரும் ஏமாறக் கூடாது என்று சாபிரைத் தெருமுனையில் நிறுத்தினார்கள். வருகிறவனை மறித்து, 'சினிமாப்பா, போ' என்று சொல்ல வேண்டியது அவன் வேலை. அதையும் அவன் முகம் தெரியாத வேடம் என்று முனகிக்கொண்டேதான் செய்தான்.

பதினோரு மணிக்கு கெரிம்குல் திரைக்குப் பின்னால் போய்ப் படுத்தார். தலைவரைக்கும் துணி. கம்பளியின் ஆட்டுவாடை, தரையின் குளிர். திரைக்கு இந்தப் பக்கம் மூன்று பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரியை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே பெகிமாய் "அமைதி" என்றாள்.

தம்பியாக நடிக்கிறவன் வாசல் வழியாக வர வேண்டும். ஆனால் ஓலம் வேறு பக்கமிருந்து வந்தது. கொல்லைப் பக்கமிருந்து, வயல் வழியாக.

"ஐயோ என் தம்பீ... என் கூடப் பொறந்த எலும்பே..."

நடிகனின் குரல் இல்லை அது. பதினோரு வருஷமாகக் கேட்காத குரல், கொஞ்சம் கிழடு தட்டியிருந்தது.

தெருவில் நடக்காத மனுஷன் தெருமுனையில் நிற்கிற சாபிர் கண்ணில் எப்படிப் படுவார்? ஓமுர்பெக் தன் வயலில் பீன்ஸ் குவியல்களைப் புரட்டிப்போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். தலைநிமிர்ந்து பார்த்திருக்கிறார். கூடாரம், கோலூன்றிய ஆட்கள், பொரிக்கிற மணம். கையிலிருந்த கவைக்கோலைப் போட்டுவிட்டுக் கால்வாய்க்குள் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நடந்து, வேலியைத் தாண்டி வந்துவிட்டார்.

எழுந்திருக்க வேண்டும். 'அண்ணே, நான் சாகல' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கெரிம்குலுக்கு அது நன்றாகத் தெரிந்தது. எழவில்லை. கை தானாகத் துணியின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

ஓலம் கூடாரத்தை நெருங்கியது. கோலூன்றி நின்ற நடிகர்கள் எது நடிப்பு எது நிஜம் என்று புரியாமல் முறைப்படி பதில் ஓலமிட்டார்கள். முறைக்கு அழுகிற அழுகை எப்படி இருக்கும் என்று கெரிம்குலுக்குத் தெரியும். அதற்கு ஒரு ராகம் உண்டு, மலையே என்பார்கள், தூணே என்பார்கள், யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். அண்ணனும் அப்படித்தான் அழுகிறாரோ என்று படுத்துக்கொண்டே காதைத் தீட்டினார். அந்த நேரத்திலும் காட்சியை எடைபோடுகிற புத்தி அவரை விடவில்லை.

பிறகு ராகம் நின்றது. கம்பளிச் சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு முழ தூரத்தில், மூச்சிரைக்கிற சத்தம்.

"கெரிம்" என்றது குரல், சாதாரணமாகப் பேசுவது போல. "அன்னிக்கு நான் அதைக் கேட்டிருக்கக் கூடாதுடா. நீ வாசல்ல வர்றப்ப வேற ஏதோதான் சொல்ல நெனைச்சேன். வாயில அது வந்துருச்சு. இத்தனை வருஷமா ஒவ்வொரு நாளும் கால்வாய் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனேன். நீயாவது வந்திருக்கக் கூடாதா? இப்படி ஒருத்தருமில்லாம கெடந்து போகணுமா நீ..."

கிழவர் குழந்தை மாதிரி விம்மினார். திரைக்குப் பின்னால் கெரிம்குல் துணியை வாயில் கடித்துக்கொண்டு கிடந்தார். கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் ஓடியது.

அப்போதாவது எழுந்திருக்கலாம். அதற்குள் கூடாரத்தின் கதவுப்பாய் விலகியது. நனைந்த பூட்ஸின் சத்தம். முகத்தையாவது பார்க்க வேண்டும் என்று நேராக வந்தவர் திரையைத் தள்ளி, துணியை விலக்கினார்.

அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஓமுர்பெக் கத்தவில்லை, அடிக்கவும் இல்லை. பார்வை கெரிம்குலின் ஈரக் கன்னத்தில் கொஞ்சம் நின்றது. பிறகு திறந்த கதவு வழியாகத் தெரிந்த கேமராவின் மேல் நின்றது. துணியைப் பழையபடி தம்பியின் முகத்தில் மூடிவிட்டு, வந்த வழியே போய்விட்டார்.

முற்றத்தில் எண்ணெய் மட்டும் சட்டியில் சடசடத்துக்கொண்டிருந்தது.

பெகிமாய்தான் முதலில் வந்தாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது.

"மாமா, மன்னிச்சிருங்க. நிறுத்தச் சொல்லணும்னு தோணுச்சு. வாய் வரல. கால்வாய்லேருந்து ஏறி வந்ததுலேருந்து எல்லாம் பதிவாயிருக்கு. குரலும் சுத்தமா இருக்கு."

கெரிம்குல் கூடாரத்தின் கட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அழிச்சிரும்மா."

"மாமா, அவசரப்படாதீங்க. ஒரு தடவை பாருங்க. நீங்க எழுத முடியாத கடைசிக் காட்சி இதுதான். இப்படி ஒண்ணு யாருக்கும் அமையாது. அவர்கிட்ட நான் போய்க் கேக்குறேன், கால்ல வேணா விழறேன்."

"எழுத முடியாததுன்னு நீயே சொல்ற. நான் எழுதாதது எப்படி என் படத்துல வரும்?"

"அவர் மனசுல இருந்தது வெளிய வந்திருச்சே. இது நல்லதுதானே?"

"யாருக்குச் சொன்னாரு?" என்றார் கெரிம்குல். "செத்தவனுக்குச் சொன்னாரும்மா. எனக்குச் சொல்லல. நான் திருட்டுத்தனமா படுத்துக் கேட்டேன். கேட்டதே தப்பு. அதை ஊரு ஊரா போட்டுக் காட்டவா?"

சினிமாப் பைத்தியத்தில் பெகிமாயும் அவருக்குச் சளைத்தவள் இல்லை. அவளுக்கு அது வயிற்றிலிருந்து எதையோ எடுத்துக் கொடுப்பது போலத்தான் இருந்திருக்கும். கேமராவைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்து, அழிக்கிற பொத்தான் எது என்று காட்டினாள்.

"ஒரு தடவையாவது பாத்துட்டு..."

கெரிம்குலுக்கு ஆசை இல்லாமலா? அண்ணன் தனக்காக அழுததற்கு உலகத்தில் இருக்கும் ஒரே அத்தாட்சி அது. இனி எத்தனையோ குளிர்காலம் தனியாக உட்கார்ந்து போட்டுப் பார்க்கலாம். சின்னத் திரையில் ஒரு வயலும், கால்வாய்க் கரையும், அதில் ஏறி நிற்கிற ஒரு சிறிய உருவமும் அசையாமல் தெரிந்தன. பொத்தானை அழுத்தினார்.

"கட்டிப்பிடிக்கிற காட்சியையும் வெட்டிரு" என்றார். "அண்ணன் கோலை ஊனிக்கிட்டு நிக்கட்டும். தம்பி வாசல்ல நிக்கட்டும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

மழை வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்கவில்லை. மூன்று மணிக்கே மேற்கு மலை கறுத்துவிட்டது. படக்குழு கூடாரத்தைப் பிரிக்க ஓடியது. அவரவர் வயலுக்கு அவரவர் ஓடினார்கள். கெரிம்குல் தன் வயலைத் தாண்டிக் கால்வாய்க்குள் இறங்கினார்.

ஓமுர்பெக் தனியாகத் தார்ப்பாயோடு மல்லாடிக்கொண்டிருந்தார். ஒரு முனையை இழுத்துப் போட்டால் காற்று மறுமுனையைத் தூக்கியது. அவர் மனைவி பாத்மா வரப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள், கெரிம்குலைப் பார்த்ததும் மடியிலிருந்த கல்லை எல்லாம் கீழே போட்டாள்.

"நீயா? அந்த மனுஷனைக் கொன்னுபோட்டுட்டு இங்க எதுக்கு வந்த? ஈரக்காலோட வந்து உக்காந்தவர் ஒரு வாய் தண்ணி குடிக்கல. படம் எடுக்கிறானாம் படம்!"

"அழிச்சிட்டேன் அண்ணி."

"எதை அழிச்ச? நீ அழிக்காதது என்ன இருக்கு?"

"பாத்மா, கல்லைக் கொண்டா" என்றார் ஓமுர்பெக், தலையைத் தூக்காமல்.

பறந்துகொண்டிருந்த மறுமுனையை கெரிம்குல் பிடித்தார். போ என்று அண்ணன் சொல்லவில்லை. இருவரும் குவியலின் மேல் பாயை இழுத்தார்கள், ஓரத்தில் கல் வைத்தார்கள், அடுத்த குவியலுக்குப் போனார்கள். ஏழு குவியல். கடைசிக் குவியலை மூடும்போது பெரிய துளிகள் பாயின் மேல் பட்டுத் தெறிக்க ஆரம்பித்துவிட்டன.

"அண்ணே" என்றார் கெரிம்குல். "அழிச்சாச்சு. நான் பாக்கக்கூட இல்ல. ஆனா படுத்திருந்தப்ப எல்லாத்தையும் கேட்டேன். எந்திரிச்சிருக்கணும். எந்திரிக்கல."

ஓமுர்பெக் கயிற்றைக் கல்லில் சுற்றி முடிச்சுப் போட்டார். முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது.

"எனக்கு என்ன வயசு?" என்று கேட்டார்.

"அறுபத்தாறு."

"உனக்கு?"

"அம்பத்தெட்டு."

"அப்ப முறைப்படி நான்தான் முன்னாடி போகணும்." மழைத் தண்ணீர் புருவத்தில் வழிய, பதினோரு வருஷம் கழித்து உயிரோடு இருக்கிற தம்பியின் முகத்தைப் பார்த்தார். "உனக்கு நான் இன்னிக்கு அழுது முடிச்சிட்டேன். இன்னொரு தடவை என்னால ஆகாது, கெரிம். நீ எனக்கு அப்புறமா போ."